குழிக்குள் குரல் கொடுத்த மாராயி அக்கா

செய்தி வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. சேலத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாராயி அக்காவின் தெருவில் இருக்கும் செல்விதான் போனில் பேசினாள். "அக்கா, மாராயக்கா போயிட்டாங்க. தறிக்குப் போறேன்னு கெளம்புனவங்க வாசப்படில உக்காந்தாங்க. அவ்வளவுதானுங்க." அவள் சொன்னது தெளிவாகவே கேட்டது. இருந்தும் "யாரு?" என்று மறுபடி கேட்டேன்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால், சாக்கடை ஓடையை ஒட்டிய குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு மாராயி அக்காவை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மகளிர் குழு அமைப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் அங்கே வந்துபோனவள் நான். விசைத்தறிச் சத்தம் அவர் காதைத் தின்றிருந்தது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். குழுக் கூட்டத்தில் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நாடெங்கும் துளை போடப் போகும் லாரிகள் நிற்கிற அந்த ஊரில், ஓடைக்கரைக்கு மட்டும் தண்ணீர் இல்லை. அலைந்து கேட்டு ஒரு ஆழ்துளைக் கிணறு போட வைத்தோம். புழுதிதான் வந்தது. துளை போட வந்தவர்கள் இரும்புக் குழாயையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அகன்று கிடந்த குழி வாயின் மேல் யாரோ ஒரு சாக்கைப் போட்டு வைத்தார்கள்.

ஒருநாள் மதியம் மின்தடை. தறிகள் எல்லாம் நின்று ஊரே அடங்கிக் கிடந்தது. கூட்டத்துக்கு வழக்கம்போல் ஐந்தாறு பெண்களே வந்திருந்தார்கள். திடீரென்று மாராயி அக்கா தலையைத் தூக்கினார்.

"ஏனுங்க, யாரோ புள்ள கூப்புடுது."

சிரித்தோம். அவர் காதைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே. சிரிப்பு அடங்கியதும் எங்களுக்கும் கேட்டது. குழிப் பக்கமிருந்து, மெல்ல, "அம்மா" என்று.

என் பக்கத்தில் இருந்த காளியம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தார். "யாரும் வாயத் தொறக்காதீங்க. உச்சி நேரத்துல கூப்புட்டாப் பதில் சொல்லக் கூடாது."

மாராயி அக்கா அதற்குள் ஓடிப்போய், சாக்கை விலக்கிவிட்டு, குப்புறப் படுத்துக் குழிக்குள் வாயை வைத்திருந்தார். "வாரேன் சாமி! பயப்படாதே, வாரேன்!"

குரல் நின்றுவிட்டது. வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் கயிற்றில் கேமராவைக் கட்டி இறக்கினார்கள். பாறையும் இருட்டும் தவிர ஒன்றுமில்லை. வந்த அதிகாரி கோபப்பட்டார். "உங்க புள்ளைங்க எல்லாம் இருக்குதல்ல? அப்புறம் எதுக்கு எங்களக் கூப்பிட்டீங்க?"

"எங்க புள்ளைங்க இருக்குதுங்க. கூப்புட்டது யாரு புள்ளைங்க?" என்றார் மாராயி அக்கா. அதிகாரி வண்டியில் ஏறினார்.

ஆண்கள் பூசை போட வேண்டும் என்றார்கள். "போடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா குழிய மூடோணும்" என்றார் அக்கா. நகராட்சி அலுவலகத்தில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், யாரும் வரவில்லை. பட்டறை ஒன்றில் இடித்துப்போட்ட சுவரின் மண்ணையும் கல்லையும் பெண்களே சட்டியில் சுமந்தோம். ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் அவர் குனிந்து, "யாராச்சும் இருக்கியா சாமி?" என்று கேட்பார். கொஞ்சம் காத்திருப்பார். பிறகுதான் கொட்டச் சொல்வார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மேலே சிமெண்டு பூசியபோது எல்லோர் உள்ளங்கையும் கிழிந்திருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம் செல்வியின் மகள் தர்ஷினியைக் காணவில்லை. அப்போதுதான் அவள் நன்றாக நடக்கப் பழகி, நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தாள். ஓடையில் இறங்கித் தேடினோம். கடைசியில் அந்தச் சிமெண்டு மூடியின் மேல், கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி வாரி எடுத்து அழுதாள். குழந்தை கண்ணைத் திறந்து சொன்னது: "உள்ள ஒரு அக்கா வெளையாடக் கூப்புட்டுச்சு. கதவு சாத்தியிருந்துச்சு."

மாராயி அக்காவுக்கு அது கேட்கவில்லை. நான்தான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த மூடியின் மேல் குனிந்து காதை வைத்தார்.

அதன்பிறகு குழுக் கூட்டத்துக்கு வராத பெண் இல்லை. நகராட்சி வாசலில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தோம். தெருவிளக்கு வந்தது. சாக்கடைக்கு மூடி வந்தது. கழிப்பறையை ஓடைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத இடத்தில் கட்டப் பார்த்தார்கள். மாராயி அக்கா அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "உள்ள இருக்கறவ கூப்புட்டா ஊட்டுக்குக் கேக்கோணும். கேக்காத எடத்துல கட்டாதீங்க." வீடுகளைப் பார்த்துக் கதவு வைத்து, தெரு முனையிலேயே கட்டினார்கள்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், எங்களுக்கெல்லாம் முன்னால் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று. "அதான் எனக்கும் தெரியல சாமி" என்றார். பயமாக இல்லையா என்றதற்கு, "பயந்தான். ஆனா கூப்புட்டுக் கூப்புட்டுப் பதிலே வரலைன்னா, அதுக்கு எவ்வளவு பயமா இருக்கும்?" என்றார். அது யார் குரல் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவரைப் புதைத்த மறுநாள் மதியம் வீட்டில் தனியாக இருந்தேன். வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. "வாரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன். வெயில் மட்டும் நின்றிருந்தது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: யார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது.