நூறு மார்க் முழங்கால்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நான் ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் அவர் முழங்கால் உடைந்தது. கட்டுப் பிரித்தபோது கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. நன்றாக மடங்காவிட்டால் இனி லாரி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதராக அவரை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பயிற்சி கொடுக்க வரும் பெண், நீட்டிய காலைப் பூஜ்யமாக வைத்து, அது எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து சொல்வாள். ஒரு நாள், "அம்பத்தி நாலு டிகிரிங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனைக்கு புள்ள அம்பத்தி நாலு?"

"செங்கோணத்துக்குத் தொண்ணூறுங்க."

"தொண்ணூறு மார்க்குக்கு எவன் பரீச்சை வெக்கறான்?"

சட்டென்று பொறி தட்டியது. அதனால்தான் பயிற்சி ஏனோதானோ என்று நடந்துகொண்டிருந்தது! நாமக்கல் பக்கத்து மனிதருக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று சொன்னால்தானே ரத்தம் சூடேறும்? அன்று சாயங்காலமே பழைய காலண்டர் அட்டையில் ஒரு அரைவட்டம் வெட்டிவிட்டேன்.

முதலில் முழு வட்டத்தை நூறாகப் பிரிக்கப் பார்த்தேன். கணக்குக்கு அதுதான் அழகு.

"அப்பச் செங்கோணம் எத்தனை?"

"இருபத்தஞ்சுங்க."

"அடக் கெரகமே! அத்தனை மடக்கியும் பெயிலா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். அந்த அளவில் ஒரு வாரம் பாடுபட்டாலும் ஒரு கோடுதான் நகரும். ஆகவே செங்கோணமே நூறு. பழைய ஒன்பது டிகிரிக்கு என்னுடைய பத்து. சில நாடுகளில் நிலம் அளக்க இப்படி ஓர் அலகு உண்டு என்று பிறகு தெரிந்தது. முந்திக்கொண்டார்களே என்று கொஞ்சம் கடுப்புதான்.

அட்டையை முழங்காலில் வைத்துப் பார்த்தேன். "அறுபதுங்க!"

"பர்ஸ்ட் கிளாஸா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு அவரை யாரும் பயிற்சிக்குக் கெஞ்சவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மார்க் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நூறு வந்த அன்று நான் கேசரி கிண்டினேன். பயிற்சிக்கு வந்த பெண் அதை வாயில் போட்டுக்கொண்டே, "லாரிப் படி ஒசரமுங்க்கா. தொண்ணூறு டிகிரி பத்தாது, நூத்திப் பத்தாச்சும் வேணும்" என்றாள்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "சென்டம் வாங்குனதுக்கப்பறமும் பரீச்சையா?"

எனக்கு என்மீதே ஆத்திரம் வந்தது. நூறோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பவைத்தவளே நான்தான். அரைவட்டத்தின் மறுபாதியில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. உடனே உட்கார்ந்து இருநூறு வரை கோடு போட்டேன். அவள் கேட்ட நூற்றிப் பத்து டிகிரி என் கணக்கில் நூற்றிருபத்திரண்டு; அதில் மட்டும் சிவப்பு.

"நம்ம ஜில்லாவுல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் குடுக்காத மார்க்குங்க. வாங்கிக் காட்டுங்க."

ஒரு நொடி முறைத்தார். பிறகு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "மடக்கு புள்ள" என்றார்.

போன மாதம் லாரி ஷெட்டுக்குப் போனோம். உடைந்த காலைத் தூக்கிப் படியில் வைத்தார். முழங்கால் மடங்கியது, இன்னும் மடங்கியது. ஒரே எம்பு, ஆள் சீட்டில்.

"எத்தனை புள்ள?" என்று மேலிருந்து கத்தினார்.

அட்டை என் பைக்குள்ளேயே இருந்தது. கண்ணில் நீர் முட்டியதில் எனக்குப் படிகூடச் சரியாகத் தெரியவில்லை.

"இருநூறுங்க!" என்று நானும் கத்தினேன். விடைத்தாளைப் பார்க்காமலே நான் மார்க் போட்டது அன்று ஒரு நாள்தான்.