சன்னல் பக்கம் திரும்பிய ஹெல்மெட்

என் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் அப்பாவின் சுரங்க ஹெல்மெட் மாட்டியிருக்கிறது. முன்புறம் விளக்கைச் செருகும் தகடு. அதில் இப்போது விளக்கு இல்லை. நான் ஒட்டிய மூன்று சிறிய எல்இடிகள் இருக்கின்றன. ஹெல்மெட் சற்றே சன்னல் பக்கம் திரும்பியிருக்கும். அலுவலகத்தில் யாராவது அதை நேராக்கிவிட்டுப் போவார்கள். நான் மறுபடி திருப்பி வைப்பேன்.

அவற்றை ஒட்டிய நாட்களில் விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். பயிற்சி எடுப்பவர் தலையைத் திருப்பினால், தலையிலுள்ள எல்இடிகளைக் கேமரா கவனித்துத் திரைக்காட்சியையும் திருப்பும். அந்தப் பகுதி என் பொறுப்பு. தலை சிறிது திரும்பினாலே காட்சி நிறையத் திரும்பும்படி அமைத்திருந்தேன். இல்லாவிட்டால் தலையை முழுக்கத் திருப்பும்போது திரை பார்வையை விட்டுப் போய்விடும். ஆனால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சிறிது நேரத்தில் குமட்டுகிறதென்று எழுந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என் பகுதியை எடுத்துவிட்டு வெளியே வாங்கிக்கொள்வோம் என்றார் குழுத் தலைவர். பிறகு அங்கே எனக்கு வேலையில்லை என்பதை அவர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரயிலில் அப்பா இருந்த சுரங்க ஊரான ஊரிகம் வந்தேன். கேமராவின் தாமதம், அறை வெளிச்சம், எல்இடிகளின் இடைவெளி, திரையின் உயரம் என்று காரணங்களைப் பட்டியலிட்டிருந்தேன். சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கும் காரணமில்லை என்று அடித்துவிட்டேன். நான் உட்கார்ந்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வேறொரு தலை தேவைப்பட்டது. எல்இடிகள் வைத்த தலைப்பட்டை அப்பாவின் வழுக்கையில் நிற்காததால் அவரே ஹெல்மெட்டை எடுத்து வந்தார்.

முதல் தரையிறக்கத்தில் ஓடுபாதை நேரே தெரிந்தது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த நான், வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். "கொறைச்சுட்டேம்மா" என்றார். அந்த நொடியில் காட்சி இடப்புறமாகக் கீழே சரிந்தது. விமானம் ஏரியில் விழுந்தது. அடுத்த இரண்டு முறையும் அப்படியே.

"நேரா பாருங்கன்னா ஏம்பா கீழ பாக்கறீங்க?"

"நான் எங்கம்மா கீழ பாத்தேன்? உன் ஏரோப்ளேனுக்கு எங்க கேஜே தேவலாம். அது பெல் அடிச்சிட்டுத்தான் கீழ போவும்."

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் கூண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். அவர் கண்கள் ஓடுபாதையில்தான் இருந்தன. நான் பேசும்போதும் அவர் பதில் சொல்லும்போதும் மட்டும் தலை என்னை விட்டு விலகித் தாழ்ந்தது.

"என்கிட்ட பேசினா ஏம்பா மூஞ்சியத் திருப்பறீங்க?"

"பேசறவங்க மூஞ்சில லைட் அடிக்கக் கூடாதில்ல?" என்றவர், நெற்றிக்கு மேலிருந்த தகட்டைத் தடவிப் பார்த்தார். "இன்னா லைட்டு. மைன் மூடி எத்தினி வருசமாச்சு."

சின்ன வயதில் மதிப்பெண் அட்டையை நீட்டும்போதும், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார். என்னைப் பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தேன். அன்றும் அதை அவரிடம் சொல்லவில்லை.

என் பட்டியலில் பேச்சு இல்லை. நான் தனியாக, வாய் திறக்காமல் சோதித்தவள். அலுவலகத்திலோ பயிற்றுநர் பேசிக்கொண்டே இருப்பார், கேட்பவர் தலையாட்டுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வானமே ஆடியிருக்கிறது. தலை ஏறக்குறைய நேராக இருக்கும்போது நிகழும் சின்ன அசைவுகளைக் காட்சி பொருட்படுத்தக் கூடாது. தலை மேலும் திரும்பினால்தான் மெல்லத் தொடங்கி வேகமெடுக்க வேண்டும். ஞாயிறு முழுக்க மாற்றி மாற்றி எழுதினேன். அப்பா ஏரியில் விழுந்துகொண்டே இருந்தார். மாலையில், ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று வேண்டுமென்றே கேட்டேன். முகத்தைத் திருப்பி, "தோச போதும்மா" என்றார். ஓடுபாதை அசையவில்லை. சக்கரங்கள் தரையைத் தொட்டன.

திங்கட்கிழமை பயிற்றுநர் ஓயாமல் பேசினார். உட்கார்ந்திருந்தவரின் முகம் வெளுக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவர் டீ கிடைக்குமா என்றார். குழுத் தலைவர், "உன்னோடதே இருக்கட்டும்" என்றார்.

அப்பா போன பிறகு ஹெல்மெட்டை இங்கே கொண்டுவந்தேன். நேராக மாட்டினால் அது என் முகத்தைப் பார்க்கிறது. என்னோடு பேசும்போது அப்பா அப்படிப் பார்த்ததில்லை.