இலங்கை ரூபாய் இறங்கிய வருடமும் செல்லையாவின் அரை வயலும்

1979 மாசியில் அலங்காநல்லூர் பக்கம் ஒருநாள் போய்வந்தேன். அப்போது மதுரையில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை பிடித்து நிறுத்தியிருந்த தன் ரூபாயின் மதிப்பை, 1977 கடைசியில் இலங்கை அரசு சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டது. மதிப்பு ஏறக்குறைய பாதியானது. இதைப் பாடமாகப் படித்தபோது, அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய செல்லையா குடும்பத்தைப் பற்றி விடுதி நண்பன் சொன்னான். பார்க்கக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். டிக்கெட் எழுபது காசு. வழியெல்லாம் கரும்பு லாரிகள் மறித்ததால் ஒரு மணி நேரமானது. பிறகு வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, குடை அவசியம்.

செல்லையாவும் அவர் மச்சான் கருப்பையாவும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரே கப்பலில் வருவதாக இருந்தது. செல்லையாவின் மகள் லெட்சுமிக்கு நிறைமாதம், உடம்பும் சரியில்லை. கருப்பையா முன்னால் வந்து கிணற்றோடு நிலம் வாங்கிவிட்டார். பிரசவத்துக்காகத் தங்கிவிட்ட செல்லையா ஒரு வருடம் கழித்து வந்தார். அதற்குள் இலங்கை ரூபாய் இறங்கிவிட்டது, மாற்றியபோது பாதிப் பணம்தான் கிடைத்தது.

"அந்தப் பிரசவம் மட்டும் இல்லேன்னா..." என்று செல்லையா ஆரம்பித்தார். லெட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். இது தினமும் நடப்பதுபோல் தெரிந்தது.

அவர் மனைவி மாரியாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ள பொறக்குறது பேங்க கேட்டுக்கிட்டா பொறக்கும்? அங்க பாண் ரொட்டிக்கு விடியமுன்ன வரிசையில நின்னோமே, மறந்துபோச்சா? அப்ப காசு இருந்துச்சு, கடையில சாமான் இல்ல. இப்பச் சாமானா குவிஞ்சு கெடக்குன்னு தங்கச்சி எழுதுறா. அவுகளுக்கு நல்லது, நமக்கு நட்டம். இதுல இவ என்ன செஞ்சா?"

மாரியாயி சொன்ன இரண்டு பக்கமும் உண்மைதான். நிலையான மதிப்பு சேமிப்பைக் காத்தது. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் கடைகள் காலியாகின. பிடியை விட்டதும் கடைகள் நிறைந்தன, சேமிப்பு கரைந்தது.

மதியம் நிலத் தரகரும் கருப்பையாவும் வந்தார்கள். கருப்பையாவின் வயலை ஒட்டிய துண்டுக்கு அன்று பதில் சொல்லியாக வேண்டும். முழுசாக வாங்கச் செல்லையாவிடம் வழியில்லை. பாதி வாங்கினால் கிணறு மறுபாதியில் போய்விடும், தண்ணீர் இல்லை.

"பாதிய வாங்குங்க மாப்ள, எங் கிணத்துல பாய்ச்சிக்கலாம்" என்றார் கருப்பையா. "அம்புட்டு தண்ணி கெடக்கு. வாரத்துல மூணு நா உங்களுக்கு."

செல்லையா தரகரிடம், "சரிண்ணே, எழுதிருங்க" என்றார்.

"யார் பேருக்கு?"

செல்லையா வாசலைப் பார்த்தார். "லெட்சுமி பேருக்கு."

வெளியே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. அடுத்த வாய்ச் சோற்றை மட்டும் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

நான்கரை மணிப் பேருந்தில் திரும்பினேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் பொங்கல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் பேருந்தில் ஏறவே முடியாது. வெளிநாட்டில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பத் திட்டமிடுபவர்களுக்கும் ஒன்று: நாணய மாற்று விகிதம் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கிவிட்டால் அதற்கான காரணத்தை வீட்டுக்குள் தேடாதீர்கள்.