என் குரலை வைத்து டேப் பெட்டிக்குப் பரீட்சை

காலை ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் ரயில் ஏறும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. அறுபத்தெட்டு வயதில், முட்டி வலியோடு, என் குரலைத் திருப்பி வாங்கக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பெரிய சக்கரம் சுற்றுகிற பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள் சேர்க்கும் ஒருவர் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே டேப்பை மாற்றி மாற்றி ஓட்டுகிறார். ஜெர்மன் பெட்டி உசத்தியா, ஜப்பான் பெட்டி உசத்தியா என்று கேள்வி. டேப்பில் ஒரு பெண் பேசுகிறாள். அது நான். பதினேழு வயது நான்.

அப்போது அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. கடிதம் போதாதென்று டேப்பில் பேசிப் பார்சலில் அனுப்புவோம். அதற்கென்றே கடலூர் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்குச் சிதம்பரத்தில் பி.எஸ்சி. படிக்க இடம் கிடைத்த அதே மாதம் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அண்ணனிடம் மன்றாடி ஒரு டேப் முழுக்கப் பேசி அனுப்பினேன். அவர் சொன்னால் அப்பா தட்டமாட்டார். ‘டேப் வழியில் கெட்டுவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை’ என்று பதில் வந்தது. கல்யாணம் நடந்தது. ஐம்பது வருடமாக நான் கப்பலில் போன அந்தப் பார்சலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கெட்டுப்போன டேப் வீடியோவில் எப்படிப் பேசும்?

ஏழேகாலுக்கு ரயில் சிதம்பரத்தில் நின்றது. அண்ணன் இப்போது இருப்பது இங்கேதான். டேப்பைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் போய் நின்றால் மழுப்பிவிடுவார் என்று, இறங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண், “கோயிலுக்காம்மா?” என்றாள்.

“இல்லம்மா, சண்டைக்கு” என்றேன். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டரைக்குக் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன். கூப்பிடு தூரத்துக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் வாங்கினார். வீடியோவில் இருந்த நம்பரில் கூப்பிட்டு, பெட்டி பார்க்க வருகிறேன் என்று விலாசம் வாங்கியிருந்தேன். அதில் பெட்டி ஓட்டிய செல்வம், சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மாடி அறை முழுக்கப் பெட்டிகள். காபி கொடுத்துவிட்டு உற்சாகமாகப் பேசினார்.

“பாட்டு போட்டா தெரியாதும்மா. மனுசக் குரல்லதான் மோட்டாரு ஆடுறது பட்டுன்னு தெரியும். அதுலயும் இந்தக் குரல்ல ‘ச’ வர்ற எடம் இருக்கு பாருங்க, அவ்ளோ சுத்தம்! எந்தப் பெட்டி வந்தாலும் இதான் டெஸ்ட்டு.”

“அந்தப் பொண்ணு என்னா சொல்றான்னு கேட்டீங்களா?”

“அத கவனிக்கலம்மா. சத்தத்த மட்டுந்தான் கேப்பேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி உயிர் போகிற மாதிரி கெஞ்சுகிறாள், இவர் ‘ச’வுக்கு மார்க் போடுகிறார்! “அந்தப் பொண்ணு நான்தான்” என்றேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு டேப்பைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பகுதி நல்ல பழுப்பு. கடைசிப் பகுதி மட்டும் தேய்ந்து வெளிறி, மூன்று இடத்தில் அறுந்து ஒட்டுப் போட்டிருந்தது.

“நீங்க ஓட்டித் தேஞ்சதா?”

“ஐயோ, இல்லம்மா. நான் மொத ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓட்டமாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி சிதம்பரத்துல ஒரு வீட்டுப் புள்ளைங்க பரண காலி பண்ணாங்க. பெட்டியோட இதையும் குடுத்தாங்க. அப்பவே இப்படித்தான் இருந்திச்சி. யாரோ கடைசிய மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க, ரொம்ப ஜாஸ்தி.”

தெரு எது என்று கேட்டேன். அது என் அண்ணன் வீடு.

“கார் இருக்குதில்ல தம்பி? பெட்டிய எடுங்க, போவலாம்.”

“அது குலுங்கக் கூடாதும்மா...”

“நான் அம்பது வருஷம் குலுங்கியாச்சி. எடுங்க.”

ஜெர்மன் பெட்டிக்கு முன் சீட்டு, அடியில் தலையணை, மேலே சீட் பெல்ட். எனக்குப் பின் சீட்டு. சிப்காட் தாண்டும்போது ரசாயன நாற்றம் மூக்கைத் துளைத்தது. சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ஒரு காலேஜ் பஸ் எங்களை முந்தியது. ஜன்னலோரம் ஒரு பெண் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். காலேஜுக்குப் போகிறவளுக்குத் தூக்கம் ஒரு கேடா என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்.

பத்தரைக்குத் தெற்கு வீதி. அண்ணனுக்கு எண்பது வயது. “வாம்மா, என்னா சொல்லாம கொள்ளாம...” என்று எழுந்தவர், செல்வத்தின் கையில் இருந்ததைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டுப் பெட்டியிடம் போனார். “டேப்பும் இருக்கா? இத எங்கெல்லாம் தேடுனேன்!”

“உக்காருங்கண்ணா” என்றேன்.

செல்வம் கடைசிப் பகுதியை ஓட்டினார். தேய்ந்துபோன குரலில் அந்தப் பெண் பேசினாள். “எனக்குப் படிக்கணும்ண்ணா. நீங்க ஒரு வார்த்த எழுதுனா அப்பா கேப்பாரு. எனக்கு வேற யாரு இருக்கா? எழுதுவீங்கல்ல?”

செல்வம் இப்போதுதான் வார்த்தையைக் கேட்டார். “நான் வெளிய இருக்கேம்மா” என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

“கெட்டுப்போச்சின்னு எழுதுனீங்களே?”

அண்ணன் வேட்டி நுனியைத் திருகினார். “அப்பாவ எதுத்து எழுத தைரியம் வரலம்மா. ஆனா ஞாயித்துக்கெழமையானா போட்டுக் கேப்பேன். கேட்டுட்டு அழுவேன்.”

அழுதாராம்! இவரை யார் அழச் சொன்னது? கல்யாணத்துக்கு லீவில் வந்து, மூன்று பவுன் சங்கிலி போட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன மனுஷன். அழுத நேரத்தில் நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா?

“இப்ப என்னா கொறஞ்சி போச்சி? நல்லாத்தான இருக்கே” என்றார்.

செல்வத்தைக் கூப்பிட்டு டேப்பைக் கழற்றச் சொல்லிக் கைப்பையில் வைத்தேன். விலை என்ன என்றதற்கு அவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வாசல் வரை அண்ணன் வந்தார். “அத எங்கிட்டயே குடுத்துட்டுப் போயேம்மா. இன்னும் ஒருவாட்டி கேக்கணும்.”

“நீங்க கேட்டது போதும்ண்ணா.”

மத்தியான ரயிலில் கும்பகோணம் திரும்பினேன். என் வீட்டில் இதை ஓட்டப் பெட்டி கிடையாது. வாங்கப்போவதும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.