மண் குதிரைக்கு விட்ட புல்

நேற்றுப் பெரிய மார்க்கெட் வாசலில் ஒரு மாடு காலிபிளவர் கழிவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. கீரைக்காரம்மா செம்பை ஓங்கி, "போ சனியனே, ஒனக்கு எலை போட்டு பரிமாறணுமா?" என்றார். மாடு நகரவில்லை. நான் சிரித்துவிட்டேன். நல்ல திட்டாகக் காதில் விழுந்தால் மனசில் சேர்த்து வைத்துக்கொள்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. என் சேகரிப்பில் பாதி, மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கிடைத்தது.

அப்போது வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வறட்சியில் மேய்ச்சல் அழிந்துபோனது என்று ஆபீசர் வந்து பார்த்து எழுதினால்தான் மாட்டுக்காரர்களுக்கு நிவாரண வைக்கோல் வரும். அவரை ஊர் ஊராகக் கொண்டுபோவது என் வேலை. பின்சீட்டில் பைப்பால் செய்த சதுரச் சட்டம் ஒன்று கிடக்கும். தரையில் அங்கங்கே அதை வீசி, உள்ளே சிக்குகிற புல்லை அறுத்து எடைபோட வேண்டும். அங்கங்கே என்றால் நடக்க வேண்டும். நடந்தால் வெயில்.

தவளக்குப்பம் தாண்டி ஒரு ஏரி. அந்த ஊர் மாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கே மாட்டுக்காரர்கள் மரியாதையில் ஒரு தப்பு செய்தார்கள். இருந்த ஒரே நிழல் அய்யனார் கோயிலடி. அங்கே நாற்காலி போட்டு ஆபீசருக்கு மோர் கொடுத்தார்கள். கோயிலைச் சுற்றி ஒரு கல் வரிசை. அதைத் தாண்டி மாட்டை விட மாட்டார்கள். உள்ளே முளைப்பதெல்லாம் அய்யனாரின் மண் குதிரைகளுக்கு. அந்த வறட்சியிலும் புல் முழங்கால் உயரம் நின்றது.

ஆபீசர் உட்கார்ந்த வாக்கிலேயே சட்டத்தை அந்தப் புல்லில் வீசினார். என்னை எடுத்துவரச் சொல்லி மறுபடி வீசினார். "மேய்ச்சல் நல்லாதானே இருக்கு? வைக்கோல் எதுக்கு?"

கஸ்தூரி என்கிற அம்மா முன்னால் வந்தார். வைக்கோல் வராவிட்டால் அவருடைய கறவைகள் அடிமாட்டு லாரியில் ஏற வேண்டியதுதான். "யோவ், அது மாடு மேயிற எடமில்ல. குதிரைக்கு உட்டது."

"குதிரை எங்க?"

"அதோ நிக்குதே, மண்ணுக் குதிரை."

ஆபீசர் சிரித்தார். "அது தின்னாததை மாடு தின்னட்டுமே."

"ஒன் வாயில மண்ணு வுழ! எழுந்து ஏரியில நடந்து பாருய்யா!"

அவர் எழுந்தது ஜீப்பில் ஏறத்தான். "கத்துற ஊருக்கு ஒண்ணும் கிடையாது. வண்டிய எடு." கூட்டம் மறித்துக்கொண்டது. "கூலிக்கு மாரடிக்கிறவனே, இந்தக் கல்நெஞ்சனுக்கு ஸ்டீரிங் புடிக்கிறியே!" என்று எனக்கும் ஒன்று கிடைத்தது. அன்றைக்கு அதை ரசிக்கத் தோன்றவில்லை.

சட்டென்று கஸ்தூரி மாடுகளை அவிழ்த்துக் கோயிலடிக்கு ஓட்டினார். கொழுந்தன் குறுக்கே விழுந்தார். "அண்ணி, தெய்வக் குத்தம்!"

"கெவர்மெண்டே மேய்ச்சல்னு சொல்லிடுச்சி. அய்யனாரு கேட்டா இந்த ஆள காட்டு."

மாடுகள் பழக்கத்தில் கல் வரிசையருகே நின்றுவிட்டன. அழுதுகொண்டே அடித்துத்தான் உள்ளே தள்ளினார். கொழுந்தன் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் மாடும் உள்ளே இருந்தது.

அந்தப் பக்கம் இப்போதும் போகிறேன். கஸ்தூரியின் கறவைகள் பிழைத்துவிட்டன. மழை பெய்த வருஷங்களிலும் கோயிலடியில் புல் விரல் உயரத்தைத் தாண்டவில்லை. அந்த வறட்சிக்கப்புறம் பிறந்த கன்று எதுவும் கல் வரிசையருகே நிற்பதில்லை.