பன்னிரண்டு எம்.எம். தகடும் என் அழகான வெல்டிங்கும்

என் மனைவி சம்பளத்துக்கு வெல்டிங்கைப் பார்ப்பவள். நான் ஆசைக்கு வெல்டிங் வைப்பவன். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்று ராயபுரத்தில் எங்கள் தெருவைக் கேட்டால் சொல்வார்கள்.

அவளுக்கு வேலை எண்ணூர் போகிற வழியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில். அனல்மின் நிலையங்களுக்குப் போகும் குழாய்களும் தொட்டிகளும் அங்கே தயாராகும். வெல்டர்கள் பற்றவைத்த இடங்களை டார்ச் அடித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது அவள் பொறுப்பு. தலை நரைத்த வெல்டர்கள்கூட அவள் வருவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். நான் ஹார்பர் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நாள் முழுக்கக் கப்பல் சரக்குக் காகிதங்களை டைப் அடிக்கிறேன். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் ஹெல்மெட்டை மாட்டினால்தான் நானும் ஒரு ஆள் என்ற நினைப்பு வரும்.

என்னிடம் இருந்தது ஒரு சின்ன மிக் மெஷின். துப்பாக்கி மாதிரி ஒன்றின் முனையில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். விசையை அழுத்திக் கையை நகர்த்தினால் போதும், இரும்பு ஒட்டிக்கொள்ளும். அதில் செருப்பு ஸ்டாண்ட் செய்தேன். பூந்தொட்டி ஸ்டாண்ட் செய்தேன். மறுபடியும் செருப்பு ஸ்டாண்ட் செய்தேன். கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், கேட்காதவர்கள் வாசலிலும் கொண்டுபோய் வைத்தேன். மனைவி ஒன்றையும் குறை சொன்னதில்லை. “செருப்புதான வெக்கப்போறாங்க” என்பாள். அது பாராட்டு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி கோணிப்பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். காசிமேட்டில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவன். கோணியில் இருந்தது படகின் பின்பக்கம் இன்ஜினைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு. அடித்தகடும் அதன்மேல் நிற்கும் தூணும் சேருகிற இடத்தில் உப்பு தின்று விரிசல் விட்டிருந்தது. புதிதாகச் செய்ய பன்னிரண்டு எம்.எம். தகடும் வெட்டிக்கொண்டு வந்திருந்தான்.

“மாமா, வெளிய குடுத்தா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துகினு இருப்பானுங்க. நம்ம வூட்லயே வெல்டர் கீறாரு, அப்பால இன்னாத்துக்கு வெளிய போவணும்?”

வெல்டர் என்று சொல்லிவிட்டான். என்னை அப்படி யாரும் அழைத்ததில்லை. அடுத்த ஞாயிறு ரெடி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நடுக்கடலில் அந்த ஸ்டாண்டு விட்டுப்போனால் இன்ஜின் தண்ணீருக்குள் போய்விடும், அவனும் கூட வரும் இரண்டு பேரும் அலையில் கிடக்க வேண்டியதுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெல்டர் என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்தபோது அது கொஞ்சம் தள்ளியே நின்றது.

அந்த வாரம் மனைவிக்கு யார்டில் அவசர வேலை. விடிந்ததும் போய், அலுத்துப்போய் வருவாள். அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்பேனா? ஊரையெல்லாம் கேட்டேன். வீடியோக்களைப் பார்த்தேன். டிக் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் இந்தத் தகட்டை முடிப்பதற்குள் மச்சானுக்குக் கிழடு தட்டிவிடும். மிச்சம் இரண்டு: என் செல்லமான மிக், இல்லையென்றால் ஒவ்வொரு குச்சியாகப் பிடித்து உருக்கும் பழைய ராடு வெல்டிங். என் மெஷினிலேயே ஹோல்டரை மாற்றினால் ராடும் போடலாம்தான். ஆனால் ராடு என்றால் புகை, பொறி, மேலே கரியாகப் படியும் கசடு, அதைச் சுத்தியால் தட்டி எடுக்கும் பேஜாரு. அழகு என்பது மருந்துக்கும் கிடையாது.

வெல்டிங் சாமான் கடைக்காரர் தடிமனைக் கேட்டார். சொன்னேன். மெஷின் எவ்வளவு பெரிசு என்று கேட்டார். சொன்னேன்.

“மிக்கெல்லாம் வாணாம் சார், அந்த மெஷினுக்குச் சூடு பத்தாது. மேல ஒட்டிகினு நிக்கும், உள்ள எறங்காது. ராடு போடுங்க.”

இவர் என்ன எனக்குச் சொல்வது என்று கோபம் வந்தது. இருந்தாலும் தடித்த இரும்புக்கு என்று அவர் எடுத்துக் கொடுத்த ராடுகளை வாங்கி வந்தேன். ஈரம் படவே கூடாது என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கடல் காற்றுக்கு உப்பு ஜாடியே தண்ணீர் விடும். நனைந்த செல்போனை அரிசிக்குள் போடுகிறோமே, அதே யோசனையில் பாக்கெட்டைப் பிரித்து ராடுகளை அரிசி டிரம்முக்குள் செருகி வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அரிசி எடுக்கப்போன மனைவி ஒரு பிடி ராடோடு வந்து நின்றாள்.

“இன்னாயா இது?”

“ஈரம் பிடிக்கக் கூடாதுன்னு வெச்சேன்மே.”

“எங்க யார்டுல இதுக்குன்னு ஓவனு கீது. நீ அரிசில வெச்சிகீற. அரிசிலயே ஈரம் கீதுயா. ராடும் போச்சு, அரிசியும் போச்சு.” சிரிப்பு தாங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கு என்று கேட்டாள். இன்னொரு செருப்பு ஸ்டாண்டு என்று சொன்னேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிற பொய் அது.

ராடு போன பிறகு, இனி என் மிக்தான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஞாயிறு காலை தலைவலி என்று சொல்லி அவளை மட்டும் பூசைக்கு அனுப்பிவிட்டு மாடிக்கு ஏறினேன். முதலில் வெட்டுத்துண்டுகளில் ஒரு ஒத்திகை. அப்புறம் நிஜ ஸ்டாண்டு. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் வெல்டிங் வைத்ததில்லை. மிட்டாய்க் கடை முறுக்கு மாதிரி வரிவரியாக விழுந்திருந்தது. அதற்கு மேலே பச்சைப் பெயின்டும் அடித்தேன். மச்சான் வந்து பார்த்து, “சோக்கா கீது மாமா” என்று தோளில் போட்டுக்கொண்டு போனான். நாளை விடியற்காலை தொழிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி கோயிலிலிருந்து வந்தாள். கீழ் வீட்டுக்காரர்கள் அவள் தம்பி எதையோ தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லியிருக்கிறார்கள். மறைக்க வழியில்லை. பெருமையாகவே ஒத்திகைத் துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழகா கீது” என்றாள். எனக்குக் காது சூடானது. அடுத்த நிமிஷம் அதை வைஸில் இறுக்கி, பெரிய சுத்தியை எடுத்து மூன்று அடி அடித்தாள். துண்டு இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

துண்டுகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். தகட்டை எங்கே பொருத்துவது என்று சாக்பீஸால் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். வெல்டிங் விழுந்த இடத்துக்கு அடியில் அந்தக் கோட்டில் பாதி அப்படியே இருந்தது. என் அழகான வெல்டிங் அந்தக் கோட்டைக்கூட எரிக்கவில்லை. முறுக்கு தனியாக, இரும்பு தனியாக.

“இரும்பு சரியில்ல” என்று கத்தினேன். “அவன் எப்போ போறான்?” என்று மட்டும் கேட்டாள். நாளை விடியற்காலை என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மச்சான் போனை எடுக்கவில்லை. காசிமேட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். உச்சி வெயில். படகில் இன்ஜினை ஏற்றி நட்டு முடுக்கி முடித்திருந்தான். கூட நாலைந்து பேர் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அங்கே போய் நின்றதும் ஒரு கணம், ஒத்திகைத் துண்டுதானே உடைந்தது, நிஜ ஸ்டாண்டு நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பச்சைப் பெயின்டில் அத்தனை லட்சணமாக நின்றது அது. அந்தக் கணத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“இன்ஜினக் கழட்டு மச்சான். நா வெச்ச வெல்டிங்கு தாங்காது.”

“இன்னா மாமா, டபாய்க்கிறியா? நல்லாதான கீது.”

வலை கட்டியவர்கள் சிரித்தார்கள். ஒருவர், “வெல்டரே பயந்துகினு வந்துகீறாரு, பாருடா” என்றார். கழற்றியே ஆக வேண்டும் என்று நின்றேன். கழற்றினான். ஸ்டாண்டை மணலில் சாய்த்துச் சுத்தியை வாங்கி நானே அடித்தேன். இரண்டாவது அடியிலேயே தூண் கழன்று விழுந்தது. மூன்றாவது தேவைப்படவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் அந்தத் தூணையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தான்.

அடுத்த வாரம் மனைவியின் ராஜ்ஜியம். வெல்டிங் உள்ளே இறங்க இடம் வேண்டும் என்று தூணின் ஓரத்தைச் சாய்வாகச் சீவச் சொன்னாள். துருவும் பெயின்டும் போகத் தேய்க்கச் சொன்னாள். சீல் உடைக்காத ராடு பாக்கெட் வாங்கிவந்து, பிரித்த கையோடு ஆரம்பிக்கச் சொன்னாள். ஒரு வரி போடு, கசடைத் தட்டு, தேய், காட்டு. அவள் தலையாட்டினால் அடுத்த வரி. ஆட்டாவிட்டால் அதை கிரைண்டரால் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி. நான் ராடைத் தொட்டு வைக்கும்போதெல்லாம் எங்கள் மாடிப்படி விளக்கு மங்கியது. எதிர் வீட்டிலிருந்து, “சார், சீரியல் முடியட்டும் சார்” என்று ஒரு குரல் கெஞ்சியது. கடைசியில் வந்தது காய்ந்த வரட்டி மாதிரி ஒரு வெல்டிங். அதே மாதிரி போட்ட ஒத்திகைத் துண்டை வைஸில் வைத்து என்னையே அடிக்கச் சொன்னாள். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். தகடு வளைந்தது, விட்டுக்கொடுக்கவில்லை.

“தேறும்” என்றாள். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் தேறும் அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை மதியம் படகில் பூட்டியாயிற்று. வெள்ளோட்டம் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்க வேண்டும். “நீயும் கூடப் போ” என்றாள் என்னிடம். கப்பல் காகிதம் டைப் அடிப்பதோடு சரி, படகில் நான் கால் வைத்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தால், அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்துகொண்டிருக்கிறாள்.

“அக்கா, நீ இன்னாத்துக்கு?” என்று மச்சான் கத்தினான். “பொம்பளைங்க ஏறுனா நாலு பேரு நாலு பேசுவானுங்கோ.”

“பேசட்டும். தேறும்னு சொன்னது நானுதான? உங்க ரெண்டு பேர அனுப்பிட்டு நா கரையில நின்னு வேடிக்க பாக்கவா?”

மச்சான் கை கொடுத்து ஏற்றினான். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் வெல்டிங்கின் மேலேயே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். இன்ஜின் பிடித்தது. துறைமுகச் சுவரைத் தாண்டி முதல் அலை தூக்கிப்போட்டபோது அவள் இன்னொரு கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.