நாற்காலியைத் தொடாத தலைவி

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த தலைவர்கள் அத்தனை பேரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, எதிர்த் தட்டில் என் அக்காவின் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் வைத்துப் பாருங்கள். தலைவர்கள் எல்லோரும் ஆகாயத்தில் போய் ஒட்டிக்கொள்வார்கள். இறக்குவதற்கு ஏணிதான் தேட வேண்டும். அக்கா முறைத்தால் சிவப்பு விளக்கு தானாகப் பச்சைக்கு மாறும். அவள் தும்மினால் ஏழெட்டு நாட்டு மந்திரிகள் எழுந்து நின்று "நூறாயுசு" சொல்வார்கள்.

மற்றபடி அவள் நாற்காலி வாடகைக் கடைக்காரரின் மூத்த மகள். அந்தக் கடைக்காரர் எனக்கும் அப்பாதான். அதை அவர் வெளியில் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் கடை ஒரு ஷட்டர் அகலம். உள்ளே கூரை வரைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வாசலில் கிழட்டு மினி லாரி ஒன்று நிற்கும். ஆனால் அப்பாவைக் கேட்டால், சொத்து நாற்காலி இல்லை, முடிச்சுதான் என்பார். அடுக்கைச் சுற்றி நைலான் கயிறு போட்டு அவர் ஒரு முடிச்சு போடுவார். லாரி எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அது அசையாது. தெரியாதவன் இழுத்தால் இன்னும் இறுகும். அதை அவிழ்க்கும் வழி தெரிந்தவர்கள் அப்போதெல்லாம் ஊரில் மூன்றே பேர்: அப்பா, அக்கா, நான். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, அவள் கத்தரிக்கோலை நம்புகிறவள்.

அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு வேலையை மெதுவாகச் செய்தால் அவளுக்குக் கை அரிக்கும். "குடு இங்க" என்று பிடுங்கித் தானே முடித்துவிடுவாள். அம்மா கையிலிருந்து அரிவாள்மணை, அப்பா கையிலிருந்து ஸ்பேனர், என் கையிலிருந்து வீட்டுப்பாடம் எல்லாம் அப்படித்தான் போயின. நான் பத்தாவதைத் தாண்டாததற்கு அவள்தான் காரணம் என்று வீட்டில் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் நம்பவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு இளைஞர் அமைப்பு பொறுக்கி எடுத்து, தலைமைப் பயிற்சி இன்டர்ன்ஷிப் என்று விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பியது. சித்தப்பா கேட்டார், "இவளுக்கு எதுக்குப் பயிற்சி? இவகிட்ட இருந்து நமக்குத்தானே யாராவது விடுதலை வாங்கித் தரணும்?"

போன இடத்திலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். திரும்பி வந்தபோது ஒரு கனத்த கோட்டும் ஒரு புதுப் பழக்கமும் கொண்டுவந்தாள். நான் கடையில் நாற்காலி இறக்க ஆரம்பித்தால், இரண்டு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"அம்மா, அந்த ஊர்க் குளிரு இவ மூளைக்குப் போயிடுச்சு" என்றேன்.

ஒரு மத்தியானம் கடையில் அவள் நாற்காலி அடுக்குகளைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒளிந்து நின்று கேட்டேன். அமைப்பின் கூட்டத்துக்கு ஒத்திகை. போய் வந்தவர்கள் எல்லோரும் மேடையேறி என்ன கற்றோம் என்று சொல்ல வேண்டும். அதில் ஒருவரை, அடுத்த வருடம் கிளம்பும் பிள்ளைகளுக்கு இங்கேயே பயிற்சி தரும் வேலைக்கு அமைப்பாளர் அம்மா எடுப்பார். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும். புதுச் செருப்பு, புதுத் துணி எதையும் வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கேட்டாள், அதுவும் நாற்காலிகளிடம்.

"நல்லாத்தானே பேசற, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று வெளியே வந்தேன்.

துள்ளிக் குதித்தாள். அடிக்க எதுவும் கையில் கிடைக்காததால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"எல்லாரும் அங்க சாதிச்சதைச் சொல்லப் போறாங்கடா. நான் சொதப்பினதுதான் இருக்கு. ஒரு நூலகத்துல போட்டாங்க. பழைய கட்டடத்துல இருந்து புதுக் கட்டடத்துக்கு புக்கு எல்லாம் மாத்தணும். வாரத்துக்கு ஒருத்தர் தலைவர். என் முறை வந்துச்சு."

"குடு இங்கன்னு ஆரம்பிச்சிருப்பியே."

"எல்லாப் பெட்டியும் நானே கட்டினேன். நம்ம முடிச்சு போட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. தரையில் உருண்டு சிரித்தேன்.

"சிரிக்காதடா! புதுக் கட்டடத்துல ஒருத்தராலயும் அவுக்க முடியல. பெட்டி எல்லாம் படிக்கட்டு வரைக்கும் மலை மாதிரி நிக்குது. ஆளுங்க பூரா அது மேலயே உக்காந்து எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. நான் பழைய கட்டடத்துல அடுத்த பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன்."

"திட்டினாங்களா?"

"அங்க மேலதிகாரி ஒரு நெட்டை அம்மா. திட்டவே இல்ல. ரெண்டு கப்பு நிறைய காப்பி ஊத்தி என் ரெண்டு கையிலயும் குடுத்துச்சு. 'இன்னிக்கு உன் வேலை இதைச் சிந்தாம பிடிச்சுக்கறது. மத்ததை வாயால செய்'னுச்சு. அன்னிக்குத்தான் அந்தப் பசங்க முகத்தையே ஒழுங்காப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் முடிச்சு தெரிஞ்சுபோச்சு." நாற்காலியின் கையை நகத்தால் சுரண்டினாள். "இதைப் போய் மேடையில சொன்னா யாரு வேலை தருவாங்க? சரி, கேக்கவாவது ஆளு வருவாங்களா? போன வருஷம் பேசினவங்களோட அம்மாக்கள் மட்டும்தான் வந்திருந்தாங்களாம்."

"ஆளு தெரியாது. சேர் கண்டிப்பா வரும். அப்பா வாடகை வாங்க மாட்டாரு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே எதிரே இருந்த காலி நாற்காலியின் தூசியைத் துடைத்தாள், யாரோ வந்து உட்காரப் போகிற மாதிரி.

மறுநாள் எனக்குப் பொழுது போகவில்லை. அதனால் சலூனுக்குப் போனேன்.

"எங்க அக்கா மேடையில நின்னு, ஒரு விரலைக்கூட அசைக்காம, ஒரு கூட்டத்தையே வேலை வாங்கப் போறா" என்றேன்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார். "மந்திரமா தம்பி?"

"வெளிநாட்டுப் பயிற்சிண்ணே. பாக்காதவங்க பின்னாடி வருத்தப்படுவாங்க."

அங்கிருந்து உடற்பயிற்சிக்கூடத்துக்கும், தையல் வகுப்புக்கும் போனேன். ஒவ்வொரு இடத்திலும் அக்கா கொஞ்சம் வளர்ந்தாள். தையல் வகுப்பை விட்டு நான் வெளியே வரும்போது அவள் ஐந்நூறு பேரைக் கண்ணாலேயே எழுப்பி உட்கார வைப்பவளாகியிருந்தாள்.

கூட்டத்தன்று அப்பா ஒரு லோடு நாற்காலி இறக்கி அவிழ்த்துப் போட்டார். இருக்கட்டும் என்று இன்னொரு லோடைக் கட்டுக் கட்டாகச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வேறு ஆர்டருக்கு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மண்டபத்தில் புதுப் பெயின்ட் வாசனை. கனைத்தாலே கூவும் ஒரு மைக்.

போய் வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு அண்ணன், "என் பார்வை விரிந்தது" என்றான். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. கண்ணாடி போட்ட ஒரு அக்கா மட்டும் உண்மையாகப் பேசினாள்: "அங்க போற வரைக்கும் தெரியலைன்னு சொல்றது அவமானம்னு நெனச்சேன். அங்க மேலதிகாரியே முதல் நாள்ல நாலு தடவை தெரியலைன்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன்." அதற்கு நானே கை தட்டினேன்.

இதற்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சலூன்காரர் கத்தரியைச் சட்டைப்பையில் செருகியபடியே வந்தார். புஜம் பெருத்த பையன்கள் வந்தார்கள். தையல் வகுப்பு மொத்தமும் வந்தது. உட்கார இடமில்லை. பின்னால் நின்றவர்கள் கால் மாற்றினார்கள், கொட்டாவி விட்டார்கள். அக்காவின் முறை வந்தபோது கூட்டம் கலையப் பார்த்தது. அமைப்பாளர் அம்மாவின் முகம் சுருங்கியது.

புஜக்காரப் பையன்கள் சுவரோரக் கட்டுகள் மேல் பாய்ந்தார்கள். இழுத்தார்கள். இறுகியது. இன்னும் இழுத்தார்கள். ஒருத்தன் பல்லால் கடித்தான். ஜனம் சிரித்தது.

மேடையேறியிருந்த அக்கா கீழே இறங்கப் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். "குடு" என்கிற சொல் அவள் உதட்டில் வந்து நின்றதை நான் பார்த்தேன். நான் எழுந்தேன், எனக்குத்தான் அவிழ்க்கத் தெரியுமே. அவள் என்னைப் பார்த்து, உட்கார் என்று தலையசைத்தாள். காலைப் பின்னுக்கு எடுத்தாள். மேசையிலிருந்த ஜாடியை எடுத்து இரண்டு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்தாள்.

"அது எங்க வீட்டு முடிச்சு. அதை வச்சு வெளிநாட்டுல ஒரு நூலகத்தையே நிறுத்தி வச்சிருக்கேன்."

கலையப் போன கூட்டம் நின்றது.

"நான் கீழ வரமாட்டேன். வந்தா தண்ணி சிந்திடும். கயித்தை இழுக்காதீங்க, இழுத்தா கோவிச்சுக்கும். தடிப்பா ஒரு மடிப்பு இருக்கு பாருங்க, அதை உள்ள தள்ளுங்க. பச்சைச் சட்டை அண்ணே, நீங்க சரியாப் பண்றீங்க. பக்கத்துல இருக்கறவருக்குக் காட்டிக் குடுங்க. ஆங், இப்ப குட்டி வாலை இழுங்க."

முதல் கட்டு பொலபொலவென்று அவிழ்ந்தது. சலூன்காரர், "அட!" என்றார். அப்புறம் மண்டபமே வேலைக்கு இறங்கியது. தையல் வகுப்புப் பெண்கள் புஜக்காரர்களை ஓரம் தள்ளிவிட்டு விரலை நுழைத்தார்கள். நாற்காலிகள் தலைக்கு மேலே கைமாறிப் போயின. அக்கா அங்கே நின்றபடியே நூலகக் கதையை, சொதப்பல் ஒன்றையும் விடாமல், சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டை யார் அவிழ்த்தது தெரியுமா? அமைப்பாளர் அம்மா. அவிழ்த்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷப் பசங்களுக்கு முதல் பாடம் இதுதான். எப்ப வேலையில சேர்ற?" என்றார்.

அப்போதுதான் அக்கா தண்ணீரைச் சிந்தினாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா திரும்பி வந்தார். மண்டபம் முழுக்கத் தன் முடிச்சை அவிழ்த்த விதத்தை ஆளாளுக்குச் சொல்லிக்காட்டுவதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அடிப்பாவி! பரம ரகசியத்தை ஊருக்கே சொல்லிட்டியே!"

"போகட்டும்பா. இனிமே சேர் இறக்க நாம மட்டும் குனிய வேண்டாம்" என்றாள்.

அமைப்பு வெளியிடும் மலருக்கு, போய் வந்தவர்களைப் பற்றி வீட்டில் யாராவது ஒருவர் எழுத வேண்டுமாம். அம்மா அழுவாள், அப்பா முடிச்சைப் பற்றி மட்டும் எழுதுவார் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. இதோ, நாற்காலி அடுக்குகளுக்குப் பின்னால் கடை மேசையில் உட்கார்ந்து இதுவரை எழுதி முடித்தேன். பேனாவை மூடும்போது வாசலில் சலூன்காரர் குரல்.

"தம்பி எங்கம்மா? இந்த வாரம் பூரா கடையில முடி பெருக்கித் தர்றேன்னு சொல்லித்தானே அன்னிக்கு என்னைக் கடையைச் சாத்த வச்சான்? ஆளையே காணோம்!"

"அனுப்பறேண்ணே" என்றது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல். எவ்வளவு நேரமாக நின்று படிக்கிறாளோ தெரியாது.

"மறுநாள் உனக்குப் பொழுது போகலையா?" என்று நான் எழுதியிருந்த வரியையே திருப்பிக் கேட்டாள்.

"ஆமா."

"ஜிம்முல பசங்களுக்கு என்ன வாக்கு குடுத்த?"

"...பைக்கு கழுவித் தர்றேன்னு."

"எத்தனை பைக்கு?"

"இருக்கற பைக்கு."

"தையல் கிளாசுல?"

நான் மேசையில் இருந்த ஒரு கீறலை ஆராய்ந்தேன்.

"நான் வெறும் சேரைப் பாத்துப் பேச வேண்டியிருக்கும்னு பயந்துட்ட. இல்லடா?"

"பயமா? எனக்கா?" காகிதத்தை அவள் பக்கம் நீட்டினேன். "புடிக்கலைன்னா அந்த வரியை நீயே அடிச்சிடு."

அவள் வாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் விளிம்பு வரை டீ. ஒன்று எனக்கு.

"நான் தொட மாட்டேன். நீயே மாத்து. சீக்கிரம், ஆறுது."